வியாழக்கிழமை காஸல், சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கம்

எங்கள் பட்டறையில் டீ இடைவேளை மதியம் இரண்டரை மணிக்கு. ஜெர்மனியின் நடுவில் காஸல் என்றொரு ஊர். அங்கே மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் வெட்டித் தேய்த்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் காப்பியும் கேக்குமாக உட்காரும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் மட்டும் ஜன்னலோரம் போய் நின்று தாம்பரத்துக்கு போன் போடுவேன். இங்கே குளிர்காலம் என்றால் அங்கே அப்போது மணி ஏழு, கோடை என்றால் ஆறு. அண்ணன் எடுத்து, "சொல்லும்மா" என்பார். அந்த ஒரு சொல் போதும். 'சொ' சட்டென்று முடிந்தால் அன்றைக்கு நல்ல நாள். 'சொ'வை இழுத்து, 'ல்லு'வைத் தேடிப் பிடித்து, 'ம்மா'வை என்மேல் சாய்த்தால், குடித்திருக்கிறார். "ஒண்ணுமில்லண்ணே, சும்மாதான்" என்று வைத்துவிடுவேன். மொத்தப் பேச்சும் பத்து நொடி. மீதி நாள் முழுக்க அந்தப் பத்து நொடியின் பிடியில்தான் இருப்பேன்.

பக்கத்து மெஷினில் வேலை செய்யும் ரெனாட்டேவுக்கு அறுபதுக்கு மேல் வயது. இதைப் பல மாதம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கேட்டே விட்டார். தினமும் யாருக்குப் போன் செய்கிறாய், உன் பிள்ளைக்கா? இல்லை, என் சகோதரனுக்கு என்றேன். என்ன வயது என்றார். "ஃபூன்ஃப்சிக்" என்றேன். ஐம்பது. என் உச்சரிப்பில் அது அவர் காதில் "ஃபூன்ஃப்சேன்", அதாவது பதினைந்து என்று விழுந்திருக்கிறது. பதினைந்து கஷ்டமான வயதுதான், எங்கே இருக்கிறான், பள்ளி விடுதியிலா என்று பரிவோடு கேட்டார். நான் ஒரு காகிதத்தில் ஐந்தும் பூஜ்யமும் எழுதிக் காட்டினேன். அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. "குடிக்கிறாரா?" என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தலையை ஆட்டினேனா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை. வியாழக்கிழமை ஆறு மணிக்குத் தன்னோடு ஓர் இடத்துக்கு வரச் சொன்னார். அங்கெஹோரிகன் என்று ஏதோ சொல்லி, க்ரூப்பெ என்று முடித்தார். நீளமான ஜெர்மன் சொல் வந்தால், அதற்குள் எனக்குத் தெரிந்த துண்டு எங்கே இருக்கிறது என்று தேடுவது என் வழக்கம். 'ஹோரன்' என்றால் கேட்பது. மனசு ஆறுதலுக்காகச் சேர்ந்து பாட்டுக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று முப்பது மசால்வடை சுட்டு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வட்டமாகப் பத்து நாற்காலிகள். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பெட்டி டிஷ்யூ. பாட்டு எதுவும் இல்லை. ஒவ்வொருவராக, என் மகன் குடிக்கிறான், என் மனைவி மாத்திரைக்கு அடிமை என்று, பல்வலியைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அங்கெஹோரிகெ என்றால் கேட்பவர்கள் இல்லை, சொந்தக்காரர்கள். ஒருவருக்கு உரியவர்கள். அண்ணனுக்கு உரியவளாக நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், மடியில் சூடு ஆறாத டப்பாவோடு. என் முறை வந்தபோது வாயில் எந்த ஜெர்மன் சொல்லும் வரவில்லை. "வடை" என்று மட்டும் சொல்லி டப்பாவைத் திறந்தேன். எல்லாரும் ஒன்று எடுத்துக்கொண்டார்கள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் குடி என்ற சொல்லே புழங்கியதில்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெரு. மார்க்கெட் பக்கம் அத்தா கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தொழுகை தவறாதவர். குடி என்பது ஊரில் வேறு யார் வீட்டிலோ நடப்பது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அண்ணன் ரஃபீக் கடைக்கு வரவில்லை. மின்சார வேலை படித்து, கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு தொழிற்சாலையில் பேனல் போர்டு பார்க்கும் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். பழுதான போர்டு முன்னால் நின்று அது இரைகிற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அத்தா மவுத்தானதற்குப் பிறகு எப்போது தொடங்கியது, முதலில் யார் கண்டுபிடித்தது என்பதெல்லாம் எங்களுக்கே தெளிவாகத் தெரியாது. "அண்ணனுக்கு உடம்பு சரியில்ல" என்று ஜீனத் அண்ணி போனில் சொன்னால் எனக்குப் புரியும். எனக்குப் புரிந்தது என்பது அண்ணிக்கும் புரியும். அதோடு பேச்சை மாற்றிவிடுவோம்.

வேலைக்குப் போக முடியாத நாட்களில் தொழிற்சாலைக்குக் காரணம் சொல்லவேண்டும். டைஃபாய்டு, டெங்கு, வழுக்கி விழுந்தது எல்லாம் சொல்லியாகிவிட்டது. எங்களுக்கு இல்லாத ஒரு பெரியம்மாவை மூன்று தடவை கொன்றிருக்கிறோம். மேனேஜர் சந்தேகப்படத் தொடங்கியபோது அந்த வேலை என்னிடம் வந்தது. வெளிநாட்டு நம்பரிலிருந்து தங்கை பேசினால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும் இல்லையா? காஸலில் பனி கொட்டிக்கொண்டிருக்க, நான் ஜன்னலோரம் நின்று, அண்ணனுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் என்று அளந்துவிட்டிருக்கிறேன். நன்றாகத்தான் பொய் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வடையோடு போன அந்த நாளுக்குப் பிறகு இரண்டு வருடம் வியாழக்கிழமைகளில் போனேன். என் கணவரிடம் சொன்னேன். தாம்பரத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனைப் பற்றி முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களிடம் பேசுகிறேன் என்று தெரிந்தால் அண்ணி என்ன நினைப்பார் என்ற பயம். அந்தக் கூட்டத்தில் ரெனாட்டே அடிக்கடி ஒன்று சொல்வார்: "தாஸ் இஸ்ட் ஸைன்ஸ்." அது அவருடையது. ரெனாட்டேவின் கணவர் குடித்துவிட்டுத் தவறவிட்ட டாக்டர் அப்பாயின்ட்மென்ட், அது அவருடையது. நான் போய் மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்பார். கேட்க எனக்குக் கொஞ்சம் கல்நெஞ்சாகப் பட்டது. நம் ஊரில் இப்படியெல்லாம் இருக்க முடியாது, இது இவர்களுக்குச் சரி என்று நினைத்துக்கொள்வேன்.

போன ஜனவரியில் ஒரு மாத விடுப்பில் தாம்பரம் வந்தேன். வந்த முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு அண்ணி புர்கா போட்டுக்கொண்டு, துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். தையல் கிளாஸ் என்றார். போகும்போது இருந்த முகமும் ஆறு மணிக்குத் திரும்பி வந்த முகமும் வேறாக இருந்தன. தையல் அவருக்கு ஒத்துப்போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் கூடுவாஞ்சேரியில் கூட வேலை பார்ப்பவரின் புது வீட்டு விசேஷம் என்று போன அண்ணன், ஆட்டோவில் தூக்கிவரப்பட்டார். திங்கட்கிழமை காலை அவர் உள்ளறையில் கிடந்தார். அவருடைய போன் கூடத்து மேஜையில் அடித்தது. திரையில் மேனேஜர் பெயர். அண்ணி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, போன்."

"பாத்தேன்."

அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. இரண்டு வருடம் வட்டத்தில் உட்கார்ந்து கேட்டவள்தான் நான். ஆனாலும் கை முந்திக்கொண்டு போனது.

"விடு ஷமி."

"வேலை போயிடும் அண்ணி. ஃபீவர்னு சொல்லிடறேன். நான் இங்க வந்திருக்கறது மேனேஜருக்குத் தெரியாது. ஜெர்மனிலேர்ந்து பேசற மாதிரியே பேசறேன்."

"எடுக்காத. அது அவரோட வேலை, அவரோட போன். அவர் எந்திரிச்சு பேசட்டும். போவும்னா போவட்டும். அது அவரோடது."

என் கை மேஜைமேல் அப்படியே நின்றது. ரெனாட்டேவின் வாக்கியத்தை, இதே அழுத்தத்தில், கிழக்குத் தாம்பரத்தில் அவரைக்காய்க் கூடைக்குப் பக்கத்திலிருந்து கேட்கிறேன்.

"இத யார் சொன்னா உங்களுக்கு?"

"தையல் கிளாஸ்ல."

"தையல் கிளாஸ்ல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "தையல் கிளாஸ் இல்ல ஷமி. ஒன்றரை வருஷமா போறேன். குடிக்கிறவங்க வீட்டாளுங்களுக்கு ஒரு மீட்டிங், ராஜகீழ்ப்பாக்கத்துல. உங்க அண்ணனுக்குத் தெரியாது. வீட்டு மானத்த வெளிய கொண்டு போறேன்னு நீ தப்பா நெனச்சுக்குவன்னு உங்கிட்டயும் சொல்லல."

"அண்ணி, நான் ரெண்டு வருஷமா போறேன்."

"எங்க?"

"அங்க, காஸல்ல. இதே மீட்டிங்தான். வியாழக்கிழமை."

முதலில் அண்ணியின் தோள்தான் குலுங்கியது. அழுகிறாரோ என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்கக்கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரே ஆளுக்காக, ஏழாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில், ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேர் ஒளிந்து ஒளிந்து போய்வந்திருக்கிறோம். போன் மூன்றாவது தடவை அடித்து நின்றது. நாங்கள் இருவரும் நகரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் எழுந்து வந்தார். யாராவது போன் செய்தார்களா என்றார். மூன்று முறை வந்தது, எடுக்கவில்லை என்றார் அண்ணி. அவர் என்னிடம் திரும்பினார்.

"ஷமி, நீயாவது பேசக்கூடாதா? நீ பேசுனா நம்புவான்."

"இல்லண்ணே. இனிமே நான் பேசமாட்டேன்." அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு பேரும் சேந்துக்கினு என் சோத்துல மண்ணள்ளிப் போடுறீங்களா?" என்று கத்தினார். தண்ணீர்ச் சொம்பு சுவரில் பட்டு உருண்டது. அண்ணி அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, கறிக்குத் தாளிக்கப் போனார். வேலை போனால்? எங்களிடம் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டால்? ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, மேனேஜரைக் கூப்பிட்டு, பெரியம்மாவை நான்காம் தடவை சாகடித்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று தோன்றியது. அண்ணி அடுப்படியிலிருந்தே, "உக்காரு ஷமி" என்றார். உட்கார்ந்தேன். அதைப்போலக் கஷ்டமான வேலையை நான் எந்தப் பட்டறையிலும் செய்ததில்லை.

சாயங்காலம் அண்ணனே போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நாளைக்கு நேரில் வரச்சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை ரயிலில் போனவர் மாலையில் திரும்பி, வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் ஷூவைக் கழற்றினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. ரஃபீக், உங்களுக்கு மொத்தம் எத்தன பெரியம்மான்னு கேட்டான்."

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். அண்ணன்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. தொழிற்சாலையில் ஒரே ஒரு தடவை என்று சொல்லி, சிகிச்சைக்குப் போவதாக இருந்தால் விடுப்புத் தருகிறோம், திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்றிருக்கிறார்கள். அவர் உடனே ஒத்துக்கொண்டார் என்று எழுத ஆசைதான். இல்லை. எனக்கு அந்த அளவுக்கு இல்லை, நானே விட்டுவிடுவேன் என்று ஒரு வாரம் இழுத்தடித்தார். நாங்கள் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. அந்த வாரத்தின் கடைசியில் அவரே பையை எடுத்து வைத்தார்.

அதற்கு இடையில் வந்த சனிக்கிழமை அண்ணியோடு நானும் போனேன். ஷேர் ஆட்டோவில் கேம்ப் ரோடு தாண்டி ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இறங்கி, உள்ளே ஒரு தெருவில் மாடிப்படி ஏறினால் இந்தி டியூஷன் நடக்கும் அறை. கரும்பலகையில் எழுத்துகள் அழிக்கப்படாமல் இருந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளை வந்தவர்கள் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அங்கே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது ஒழுங்கு. அதனால் ஒருவரைப் பற்றி மட்டும், அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். "எழுதும்மா, எனக்கு இன்னா. பேர மட்டும் மாத்திடு" என்றார். கஸ்தூரி அக்கா என்று வைத்துக்கொள்வோம். கேம்ப் ரோடு பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கிறார்.

"வா கண்ணு, குந்து" என்றார் என்னிடம். "இங்க யாரும் அட்வைஸ் குடுக்க மாட்டாங்கோ. குடுத்தா நான் வுட மாட்டேன்."

அவர் முறை வந்தபோது சொன்னார்: "என் புள்ள குடிச்சிட்டு வந்தா நான் துன்ன மாட்டேன். அவனுக்கு உறைக்கட்டும்னு. வருஷக்கணக்கா பட்டினி. அவனுக்கு ஒண்ணும் உறைக்கல, எனக்கு அல்சர் வந்துச்சு. இப்ப அதெல்லாம் இல்ல. ஏழரைக்கு துன்னுட்டு சீரியல் பாத்துகினு இருப்பேன். அவன் வந்தா வூடு தொறந்து கீது. சோறு மூடி கீது. போன வாரம் இன்னா கேட்டான் தெரியுமா? ஏம்மா, இப்பல்லாம் நீ சண்டை போடறதே இல்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையான்னு."

அறை முழுக்கச் சிரித்தது. காஸலில் இப்படி இல்லை. அங்கே ஒருவர் பேசினால் மற்றவர் அசையமாட்டார். அழுதால் டிஷ்யூ பெட்டி மெல்ல நகர்ந்து வரும், கை வராது. இங்கே குறுக்கே பேசினார்கள், யாருடைய போனோ அடித்தது, நடுவில் சுண்டல் வந்தது, செம்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர் பேச முடியாமல் நின்றபோது பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். என் முறை வந்தது. ஜெர்மனில் பேசும்போது ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டேர், டீ, தாஸ் மூன்றில் எது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த யோசனையில் அழுகை பின்னால் தங்கிவிடும். அது ஒரு பாதுகாப்பு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தமிழில் தடுக்க எதுவுமே இல்லை. "எங்க அண்ணன் குடிக்கிறார்" என்று ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மூன்று சொற்களைத் தமிழில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன். கஸ்தூரி அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணி என் இன்னொரு பக்கம். அழுது முடித்தபோது பசித்தது. சுண்டல் இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

அண்ணன் மூன்று வாரம் சிகிச்சையில் இருந்தார். இப்போது எட்டு மாதம் ஆகிறது. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் சறுக்கினார். மறுநாள் அவரே அண்ணியிடம் சொன்னார், அவரே மேனேஜரிடமும் சொன்னார். நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே தூங்க முடிகிறது. தினசரி போனை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கால் மணி நேரம் பேசுகிறோம், பல்லாவரம் பாலத்து நெரிசலைப் பற்றி, மழையைப் பற்றி, மாவு விலையைப் பற்றி. அவர் குரலில் நான் எதையும் தேடுவதில்லை. அண்ணி இப்போது நிஜமாகவே தையல் கிளாஸில் சேர்ந்துவிட்டார், செவ்வாய்க்கிழமைகளில். சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இருக்கிறது; எங்கே போகிறார் என்று அண்ணனுக்குத் தெரியும். ரெனாட்டேவின் கணவர் இன்னும் குடிக்கிறார். ரெனாட்டே திங்களும் புதனும் நீச்சலுக்குப் போகிறார், போன கோடையில் தனியாக ஒரு மலை ஏறிவிட்டு வந்தார்.

போன மாதம் ரெனாட்டே என்னிடம் ஓர் உதவி கேட்டார். உன் மொழி பேசும் ஒரு பெண் வியாழக்கிழமை வரப்போகிறார், ஜெர்மன் அவ்வளவாக வராது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாயா? யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்த நேரமும் எழுந்துவிடப் போகிறவரைப்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ரெனாட்டே வழக்கமான வரவேற்பைச் சொல்ல, நான் அவர் காதோரம் தமிழில் சொன்னேன். நல்ல தமிழில்தான் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் போவதற்குள், "சும்மா குந்திகினு கேட்டா போதும்க்கா, இன்னா ஏதுன்னு யாரும் கேக்க மாட்டாங்கோ" என்று வந்துவிட்டது. நான் வீட்டில்கூட அப்படிப் பேசுவதில்லை.

அவர் திரும்பி என்னை உற்றுப் பார்த்தார். "விளங்குது" என்றார். "ஆனா இது எவடத்துத் தமிழ் பிள்ளை?"

"ராஜகீழ்ப்பாக்கம்" என்றேன்.

தன் வரவேற்பு வார்த்தையின் தமிழ் அதுதான் என்று ரெனாட்டே எடுத்துக்கொண்டார். உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்து, மிகுந்த மரியாதையோடு, "ராஜகில்பாக்கம்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் திருத்தவில்லை. அவர் கைப்பையை மெல்லத் தரையில் வைத்தார். இரண்டு கையையும் கூப்பி, "ராஜகீழ்ப்பாக்கம்" என்று ரெனாட்டேவுக்குப் பதில் சொன்னார்.